நாலாவது புகைக்குழாய்

பிள்ளைகளே, இந்தச் செங்கல் வீட்டை நாம் விற்கவிருந்தோம். காரணம், உங்கள் அம்மாவின் தாளிப்பு.

இங்கிலாந்திலிருந்து நியூ ஜெர்சிக்கு வந்த ஒரு கொத்தனார் தன் ஊர் வழக்கப்படி கட்டிய வீடு இது. இரண்டு பக்கமும் அடுத்த வீட்டோடு ஒட்டிய சுவர். அகலம் குறைவு, உயரம் அதிகம். ஜன்னலை மேலே தள்ளித்தான் திறக்க வேண்டும். அறைகளில் குளிர்காய நெருப்பு மூட்டும் கணப்புகள். பழைய வீடு என்பதால் ஊர்க் கமிட்டியின் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது. வெளிச்சுவரில் ஆணி அடிக்கவும் அனுமதி வேண்டும்.

எண்ணெயில் காய்ந்த மிளகாய் விழுந்தால் போதும், ஸ்மோக் அலாரம் அலறும். பின்கதவைத் திறந்து துண்டால் வீசினாலும் அடங்காது. புகையை வெளியே தள்ளும் எக்ஸாஸ்ட் ஃபேனுக்குச் சுவரில் ஓட்டை போடக் கேட்டோம். கமிட்டி முடியாது என்றுவிட்டது. அப்புறம் அம்மா குளிர்கோட்டு மாட்டிக்கொண்டு, பின்வாசல் படியில் கேம்ப் அடுப்பை வைத்துத் தாளித்தாள். கடுகுமேல் பனி விழுந்தது.

“இந்த அழகெல்லாம் எனக்கு வேணாங்க. பக்கத்து ஊர் மான்மவுத் ஜங்ஷன்ல புது வீடா பாருங்க.”

“குளிர் முடியட்டுமே.”

“அதுவரைக்கும் ரசத்தை நீங்க வெளிய போய்த் தாளிங்க.”

எனக்கு மனமே இல்லை. இருந்தாலும் வீடு விற்றுத் தரும் ஏஜெண்டை வரச் சொன்னேன்.

அந்த வாரம் உங்களில் மூத்தவள் ஸ்கூலுக்காக எதிர் நடைபாதையில் நின்று வீட்டை வரைந்தாள்.

“அப்பா, ரூஃப்ல நாலு சிம்னி பாட் இருக்கு. நமக்கு மூணு ஃபயர்பிளேஸ்தானே?”

“தப்பா எண்ணியிருப்ப.”

“நீங்களே கவுண்ட் பண்ணுங்க.”

எண்ணினேன். நாலுதான். இந்த மாதிரி வீடுகளில் ஒவ்வொரு கணப்புக்கும் தனிப் புகைக்குழாய், கூரைமேல் அதன் வாயாகத் தனி மண்குடுவை. அப்படியானால் நாலாவது கணப்பு எங்கே? சமையலறை அடுப்புக்குப் பின்னால் சுவர் கொஞ்சம் புடைத்திருக்கும். ஏன் என்று நான் யோசித்ததே இல்லை. தட்டிப் பார்த்தேன், பலகைச் சத்தம். பெயர்த்தால், உள்ளே கரி படிந்த பழைய சமையல் கணப்பு!

வெளியே எதுவும் மாறாது என்பதால் கமிட்டி சம்மதித்தது. அந்தப் புகைக்குழாய்க்குள் ஸ்டீல் குழாய் இறக்கி, எக்ஸாஸ்டை மாட்டினோம்.

அம்மா எண்ணெயில் மிளகாயைப் போட்டாள். எல்லோரும் அலாரத்தையே பார்த்தோம். சத்தமே இல்லை. சின்னவள் வாசலுக்கு ஓடினாள்.

“அம்மா! ஸ்ட்ரீட் ஃபுல்லா ரசம் ஸ்மெல்!”

அம்மா கோட்டை எடுத்து அலமாரியில் மாட்டினாள்.

“அந்த ஏஜெண்டுகிட்ட விக்கலைன்னு சொல்லிடுங்க. வந்துட்டார்னா, ரசம் சாப்பிட்டுப் போகட்டும்.”