அரைப்பேர்

பூண்டியில் எங்கள் பள்ளிக்கு ஒரே டீச்சர். ஐந்து வகுப்பையும் அவர்தான் பார்த்தார். சிலோன் தேயிலைத் தோட்டங்களிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட குடும்பங்கள் மலைக்கு வந்ததும், அந்த ஒரே கூடத்தில் பிள்ளைகள் இரண்டு மடங்கானார்கள். டீச்சர் மட்டும் ஒருவர்தான். மதியத்துக்குள் அவருக்குத் தொண்டை கட்டிவிடும். ஐந்தாவது படித்த என் மகள் தன் பாடத்தை விட்டுவிட்டு ஒன்றாம் வகுப்புக்கு ஆனா ஆவன்னா சொல்லிக்கொடுத்தாள். கொடைக்கானல் கான்வென்ட்டில் ஆறாவது சேர அவளுக்குப் பரீட்சை வரவிருந்தது. பின்னக் கணக்கு ஒன்றுகூடப் போட வரவில்லை. அந்தக் கவலையோடுதான் ஊர்க் கூட்டத்துக்குப் போனேன்.

“ஒப்பந்தம் போட்டு ஆளை அனுப்புன கவர்மெண்டு, கூட ஒரு வாத்தியாரை அனுப்புச்சா?” என்றார் பூண்டு வியாபாரி.

“அவங்க என்ன வேத்து நாட்டுக்காரங்களா? நம்ம சனந்தானய்யா” என்றார் மளிகைக்கடை பாய்.

“அப்ப ஒங்க கடையில உக்கார வச்சுப் பாடம் நடத்துங்க பாய். உளுந்து மூட்டை சும்மாதான கெடக்கு!”

சிரிப்பு அடங்குவதற்குள், சிலோனிலிருந்து வந்தவர்களில் ஒருவர் கைகூப்பி எழுந்தார். “ஐயா, எங்க புள்ளைகளுக்கு அரைப்பேர் போட்டாலும் போதுங்க. வெரட்டிடாதீங்க.”

“கேட்டீங்களா? அவரே சொல்லிட்டாரு” என்றார் ஊர்த் தலைவர். “பாதிப் பேரைச் சேத்துக்குவோம். மீதிப் பேரை அடுத்த வருசம் பாப்போம். சோலி முடிஞ்சுது.”

கைகூப்பியவர் நிம்மதியாகத் தலையாட்டினார். அவருக்குப் புரியவில்லை.

எனக்குப் புரிந்தது. எங்கள் பூண்டுக் காட்டுக்கு வேலைக்கு வரும் சிலோன் பெண், மதியமே கிளம்பும் நாட்களில், “இன்னிக்கு எனக்கு அரைப்பேர்தாங்கம்மா” என்பாள். தோட்டத்தில் அரைநாள் வேலைக்கு அதுதான் பெயர். அவர் கேட்டது எல்லாப் பிள்ளைக்கும் அரைநாள் பள்ளி.

நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் என் மகளுக்கு டீச்சர் திரும்பக் கிடைப்பார். ஆட்கள் எழத் தொடங்கிவிட்டார்கள்.

“பாதிப் பேர் இல்லீங்க” என்றேன். “அரைநாள் கேக்குறாரு.”

“ஆமாங்கம்மா, அரைநாளுங்க! எல்லாப் புள்ளைக்கும்!”

வியாபாரி என் பக்கம் திரும்பினார். “ஒங்க மகளுக்கும் சேத்துத்தான் தாயி அரைநாளு. யோசிச்சுத்தான் பேசுறீங்களா?”

தலையாட்டினேன். பெரிய வகுப்புகளுக்குக் காலை, சின்ன வகுப்புகளுக்கு மதியம் என்று முடிவானது. கலையும்போது, ஓரமாக நின்றிருந்த டீச்சர் என்னிடம் வந்தார். குரல் கம்மியிருந்தது.

“பிள்ளைகளுக்கு அரைநாள். ரெண்டு நேரமும் நிக்கிறது நான்தானேம்மா?”



மறுநாள் மகள் மதியமே வீட்டுக்கு வந்தாள். அடுப்படியில் சிலேட்டோடு உட்கார்ந்தோம்.

“அரைன்னா ரெண்டுல ஒண்ணு. அது தெரியும்மா. இது?” என்று அடுத்த கணக்கைக் காட்டினாள்.

சொல்லத் தொடங்கினேன். இரண்டு வீடு தள்ளியிருந்த பள்ளியிலிருந்து டீச்சர் குரல் உடைந்து உடைந்து வந்துகொண்டிருந்தது. திடீரென்று நின்றுவிட்டது. அது மறுபடி எழும்வரை நாங்கள் இருவரும் சிலேட்டைத் தொடவில்லை.