கொய்யாப்பழத்துக்கு ரெண்டு பக்கம் பொழிப்புரை

நான் நல்லகண்ணு. சங்கரன்கோவில்ல ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்துல பன்னிரண்டாம் வகுப்புக்குத் தமிழய்யாவா இருந்தேன். முற்போக்குக் கவிஞர்னு என்னை ஊரே சொல்லும்னு எழுத ஆசைதான். சொன்னது நான் ஒருத்தன் மட்டுந்தான். பெண் விடுதலை பத்தி மட்டும் நாப்பது கவிதை எழுதியிருக்கேன். என் கையெழுத்து கோழி கிண்டுன மாதிரி இருக்கும். அதனால அடுப்படி வேலையை முடிச்சிட்டு அம்புட்டையும் அழகா நகல் எடுத்துத் தந்தது என் வீட்டுக்காரி பூமாரி. இதுல என்ன கோளாறுன்னு அன்னைக்கு எனக்குத் தோணவே இல்ல.

எண்பத்து நாலாம் வருஷம், பிள்ளைகளைக் கவிதை எழுத வச்சேன். "வாய் தெறந்து சொல்ல முடியாததை எழுதுங்க. பயப்படாதீங்க, ஐயா இருக்கேன்" அப்படின்னேன். பிள்ளைக நம்பிட்டுதுக. ஞானபூரணம்னு ஒரு பிள்ள, டீக்கடையில அவ அப்பாவுக்கு மட்டும் தனிக் கிளாஸ் வச்சிருக்கதை எழுதிட்டு வந்தா. படிச்சதும் எனக்குக் கண்ணு கலங்கிட்டு. சாயங்காலம் அதே கடைக்குத்தான் போனேன். அங்கன டீ நல்லா இருக்கும்.

கோமதித்தாய், தறிக்காரர் வீட்டுப் பிள்ள, எழுதுனது மூணே வரி.

நீ கடித்துத் தந்த கொய்யாவில்
உன் பல் பட்ட இடத்திலேயே நானும் கடித்தேன்.
இனி எனக்கு வேறு வரம் வேண்டாம்.

பக்தின்னா இதுல்லா பக்தின்னு துள்ளிட்டேன். ஊர்த் தெய்வம் கோமதியம்மன், கடைசி வரியில வரம், வேற என்ன வேணும்? கடிச்ச பழம்னா பிரசாதம், பல்லுன்னா அருள்னு ரெண்டு பக்கத்துக்குப் பொழிப்புரை வேற. பூமாரி நகல் எடுத்துக்கிட்டே கேட்டா: "ஏங்க, அம்மன் எப்பம் கொய்யாப்பழம் கடிச்சா? இது ஒரு பிள்ள மேல வச்ச ஆசைல்லா."

"உனக்குக் கவிதையைப் பத்தி என்ன தெரியும்"னு வாயை அடைச்சேன். பெண் விடுதலை பத்தி நாப்பத்தோராவது கவிதை அப்பம் பாதியில நின்னுது.

அம்மன் கோயில் ஆடித்தவசுத் திருவிழாவுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை பள்ளிக்கூடத்துல கவியரங்கம். தலைமை நான். அதுக்கு முதல்நாள் கோமதித்தாய் வந்தா.

"ஐயா, அது அம்மனுக்கு எழுதலை. என் சிநேகிதிக்கு. ஆவணியில அவளுக்குக் கல்யாணம், வாசுதேவநல்லூருக்குப் போயிருவா. படிப்பையும் நிப்பாட்டிட்டாங்க. நாளைக்கு மட்டுந்தான் இங்கன வாரா. சிநேகிதிக்குன்னு சொல்லிட்டுப் படிக்கேன். பேரைச் சொல்ல மாட்டேன், அவளுக்குத் தெரியும்."

அந்தப் பேரை நானும் எழுதப் போறதில்ல. "நான் பாத்துக்கிடுதேம்மா"ன்னேன். பாத்துக்கிட்ட லட்சணத்தைக் கேளுங்க.

மேடையில மூணு வரியும் படிச்சிட்டு, "இது என்..."ன்னு அவ ஆரம்பிச்சா. முன்வரிசையில தாளாளர் நிமிந்து உக்காந்தாரு. மைக்கைப் பிடுங்கி, "அம்மன் மேல் பெருகிய அன்பு வெள்ளம்"னு முழங்கிட்டேன். நல்ல கைதட்டல். கோமதித்தாய் என்னையே பாத்துக்கிட்டு நின்னா. ரெண்டாவது வரிசையில ஒரு பிள்ள தலையைக் குனிஞ்சுக்கிட்டா. செத்துரலாம் போல இருந்துச்சு. அப்பமும் மைக்கை விடல.

கவியரங்கத்துல ஒரு கவிதை பிடிச்சுப்போனா, கூட்டத்துலருந்து "இன்னொரு தடவை"ன்னு கேப்பாங்க. கேட்டா மறுபடி படிக்கணும், தலைவர் தடுக்கக் கூடாது. அது வழக்கம். என் கவிதைக்கு இருபது வருஷத்துல ஒருத்தரும் அப்படிக் கேட்டதில்ல.

பொம்பளைக பக்கத்துலருந்து ஒரு குரல் வந்துச்சு. "இன்னொரு தடவை படி, மக்கா. யாருக்குன்னு சொல்லிட்டுப் படி."

பூமாரி எந்திரிச்சு நின்னுக்கிட்டு இருந்தா. கூட்டத்துல அவ பேசி நான் பாத்ததே இல்ல. வேற வழியில்லாம மைக்கைக் குடுத்தேன்.

"என் சிநேகிதிக்கு"ன்னு சொல்லிட்டுக் கோமதித்தாய் நிதானமாப் படிச்சா. ரெண்டாவது வரிசையில அந்தப் பிள்ள தலையை நிமித்திக் கேட்டா, கடைசி வரி வரைக்கும் கண்ணை எடுக்கல. எனக்கு வெக்கமா இருந்துச்சு. உண்மையைச் சொல்லணும்னா, அந்த மூணு வரி மேல பொறாமையாவும் இருந்துச்சு. என் நாப்பது கவிதையையும் கைப்பட எழுதுனவ, ஒண்ணைக்கூட இன்னொரு தடவை படின்னு கேட்டதில்ல.