காளியம்மாளைக் கேட்காத ஆராய்ச்சிகள்

காளியம்மாளுக்கு வயிற்றெரிச்சல் என்றால் எங்கள் காலனியில் யாரும் மருந்து தேட மாட்டார்கள். அவள் ஓரகத்தி வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்ப்பார்கள். அங்கே புதிதாக யாராவது ஒரு படித்த ஆள் வந்து நின்றிருப்பார்.

உத்திரமேரூரிலிருந்து திருமுக்கூடல் போகிற வழியில், ஏரிக்கரை இறக்கத்தில் இருக்கிறது எங்கள் காலனி. துரையின் மனைவி காளியம்மாள். துரையின் தம்பி பாண்டியன், அவன் மனைவி ஆண்டாளம்மாள். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு முருங்கை மரமும் அதன் அடியில் ஒரு துவைக்கிற கல்லும். ஓரகத்திகள் இரண்டு பேரும் கூலிக்கு நடவு போகிறவர்கள். காளியம்மாளுக்குக் கை வேகம், வாய் அதைவிட வேகம். ஆண்டாளம்மாளோ கூப்பிட்டால் கூட இரண்டாம் முறைதான் திரும்புவாள். இதில் யாரை ஊர் முதலில் கவனிக்க வேண்டும் என்று காளியம்மாளுக்கு ஒரு கணக்கு இருந்தது. தொண்ணூற்றெட்டாம் வருடம் வரை அந்தக் கணக்கு சரியாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு ஆராய்ச்சிக்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். தேர்தல் இல்லாத நாட்களில் ஒருத்தரும் எட்டிப் பார்க்காத எங்கள் தெருவில் அப்படி என்னதான் கண்டார்களோ தெரியாது. பையும் டப்பாவுமாக வந்து நின்றார்கள்.

முதலில் வந்தவர் முத்துகிருஷ்ணன் என்கிற இயற்பியல் வாத்தியார். மண்ணுக்குள்ளிருந்து ஒரு வாயு கசிந்து வீட்டுக்குள் தங்குகிறதாம். அதற்கு வாசனை கிடையாது, கண்ணுக்கும் தெரியாது. கூரையிலிருந்து ஒரு சின்னப் பிளாஸ்டிக் குப்பியைத் தொங்கவிட்டு, சில மாதம் கழித்து வந்து எடுத்துப்போய்ப் பார்ப்பாராம். காளியம்மாள் அவரை வழியிலேயே மடக்கினாள். வருடக்கணக்காக மனுக் கொடுத்து வாங்கிய தொகுப்பு வீட்டில் அவர்கள் அப்போதுதான் குடியேறியிருந்தார்கள். நீலச் சுண்ணாம்பு கூட இன்னும் கையில் ஒட்டியது.

"எங்க வூட்ல மாட்டு சார். தளம் போட்ட வூடு. கூரை வூடு மாதிரி காத்துல ஆடாது."

"தளம் போட்ட வீடெல்லாம் நிறைய பாத்தாச்சும்மா. எனக்கு மண் சுவர்தான் வேணும்" என்றார் அவர்.

மண் சுவர் ஆண்டாளம்மாள் வீட்டில் இருந்தது. அவர்களுக்குத் தொகுப்பு வீடு கிடைக்கவில்லை என்று ஊரெல்லாம் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டவள் காளியம்மாள். அன்று அவள் சோறு தொடவில்லை. குப்பி தொங்கிய மாதங்கள் முழுக்க அந்த வீட்டு வாசலில் ஏதாவது ஒரு வேலை வைத்துக்கொண்டு எட்டி எட்டிப் பார்த்தாள்.

"அதுல இன்னாடி ரொம்புது?"

"ஒன்னும் ரொம்பலக்கா. சொம்மா தொங்கிக்கினு கீது."

"ஒன்னும் இல்லாததுக்கா மெட்ராஸ்லேருந்து பஸ் ஏறி வரான்?" என்றாள் காளியம்மாள். ஆண்டாளம்மாள் எதையோ மறைக்கிறாள் என்று அவள் முடிவே கட்டிவிட்டாள்.

அடுத்த மழைக்குப் பிரியங்கா என்று ஒரு பெண் வந்தாள். உயிரியல் படிக்கிறவள், தவளைகளை எண்ணுகிறவள். ஆண்டாளம்மாள் வீட்டுப் பின்னால் பாத்திரம் கழுவுகிற தண்ணீர் தேங்கி ஒரு குட்டை மாதிரி கிடக்கும். அந்த அழுக்கைப் பார்த்து அந்தப் பெண் கை தட்டாத குறை. குந்தி உட்கார்ந்து, ஒவ்வொரு தவளையாகப் பிடித்து, அளந்து, மறுபடி விட்டாள். காளியம்மாள் வீட்டுப் பின்னால் ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்காது, தினமும் பெருக்குவாள். மறுநாளே கடப்பாரையை எடுத்துக் குழி தோண்டி, குடம் குடமாக ஊற்றி வைத்தாள். தவளை வரவில்லை. கொசு வந்தது. துரை இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு மண்ணைத் தள்ளி மூடினான்.

"உனுக்கு இன்னா பைத்தியமா புடிச்சிகீது?" என்று கேட்டான்.

"அவ வூட்டு அழுக்குக்குக் கூட ஒரு மதிப்பு கீது. நம்ம வூட்டு சுத்தத்துக்கு இல்ல" என்று அழுதாள். பொறாமைப்படக் கூடாது என்று புத்தி சொல்கிறவர்களுக்கு ஓரகத்தி இல்லை போலிருக்கிறது. எனக்கு இரண்டு பேர் உண்டு. அதனால் நான் அன்றைக்குச் சிரிக்கவில்லை.

இதுவரை நடந்ததை அவள் எப்படியோ விழுங்கிக்கொண்டாள். குப்பியும் தவளையும் யார் வீட்டுக்கும் போகலாம். ஆனால் அடுத்து வந்தது பாட்டு.

நடவுப் பாட்டுகளைச் சேர்க்கிறேன் என்று தேவயானி என்கிற இசை ஆராய்ச்சி அம்மா ஒரு டேப் ரெக்கார்டரோடு வந்தார். இதில் கேள்வியே கிடையாது. எங்கள் வயல்களில் காளியம்மாள் முதல் அடி எடுத்துக் கொடுத்தால்தான் மற்றவர்கள் வாய் திறப்பார்கள். அவள் நிறுத்தினால் நாற்றும் நிற்கும். அன்று தலைக்கு எண்ணெய் தடவி, பெட்டிக்குள் இருந்த கத்தரிப்பூ நிறச் சேலையை எடுத்துக் கட்டி, கழனிச் சேற்றில் இறங்கப் போகிறோம் என்பதையே மறந்துபோய்ப் பூ வேறு வைத்துக்கொண்டு வந்தாள்.

பாட ஆரம்பித்தாள். மூன்றாவது அடியில் இருமல் வந்தது.

பொங்கலிலிருந்தே அவளுக்கு இருமல். களத்துத் தூசு என்று சொல்லிக்கொண்டு, மருந்துக் கடையில் சிவப்புத் தண்ணீர் வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தாள். உடம்பும் கொஞ்சம் இளைத்திருந்தது. மறுபடி ஆரம்பித்தாள், மறுபடி இருமல். இன்னொரு தரம் பார்த்தாள். தேவயானி அம்மா நல்ல மாதிரி, கோபப்படவில்லை.

"பரவாயில்லம்மா, தொண்டை சரியானப்புறம் பாடுங்க. யாராவது இதே பாட்டப் பாடுவீங்களா?" என்று மைக்கைத் திருப்பினார்.

எல்லோரும் ஆண்டாளம்மாளைப் பார்த்தார்கள். அவள் காளியம்மாளைப் பார்த்தாள். வேண்டாம் என்றுதான் தலையாட்டினாள், நான் பக்கத்தில் இருந்தேன். ஆனால் பெண்கள் விடவில்லை. பின்பாட்டுப் பாடியே பழகியவள் முதல் முறையாக முன்பாட்டுப் பாடினாள். குரல் மெல்லியது, கொஞ்சம் நடுங்கியது, கேட்க நன்றாகவே இருந்தது. தேவயானி அம்மா கண்ணை மூடிக்கொண்டார். காளியம்மாள் வரப்பேறி வீட்டுக்குப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து ஓரகத்தியோடு பேச்சு இல்லை. ஆண்டாளம்மாள் மிளகும் துளசியும் போட்டுக் கஷாயம் காய்ச்சிப் பிள்ளையிடம் கொடுத்தனுப்பினாள். காளியம்மாள் அதை எல்லோரும் பார்க்க முருங்கை மரத்துக்கு ஊற்றினாள்.

இரண்டாயிரத்து ஒன்றில் வெள்ளை ஜீப் வந்தது. நெஞ்சு நோய் ஆராய்ச்சி. இளம் டாக்டர் சிவகுமாரும், வீடு வீடாக வருகிற சுகாதாரப் பெண் கோவிந்தம்மாளும். ஐந்து வீட்டுக்கு ஒரு வீடு, சீட்டுக் குலுக்கி எடுப்பார்கள். அந்த வீட்டில் பெரியவர்கள் எல்லோரும் காலையில் எழுந்ததும் ஒரு டப்பாவில் சளி துப்பித் தர வேண்டும். எங்கள் வரிசையில் சீட்டு எந்த வீட்டுக்கு விழுந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆண்டாளம்மாள் வீட்டுக் கதவில் பச்சை வில்லை ஒட்டினார்கள். காளியம்மாள் ஜீப்பை மறித்துக்கொண்டு நின்றாள்.

"எப்பப் பாத்தாலும் அந்த வூடுதானா? சாமியே வந்தாலும் அங்கதான் எறங்குமா?"

"ஆள் பாத்து எடுக்கலம்மா, குலுக்கல்ல வந்தது" என்றார் டாக்டர். "உங்க உத்திரமேரூர் கல்வெட்டுலயே இருக்கே, குடத்துல ஓலை போட்டு எடுத்தாங்கன்னு. அதே மாதிரிதான்."

"அந்தக் கொடத்துல எங்க தெரு பேரப் போட்டாங்களா இன்னா?"

கோவிந்தம்மாள்தான் சமாளித்தாள்: "யாருக்காவது ரொம்ப நாளா இருமல் இருந்தா ஆஸ்பத்திரிக்கு வாங்கம்மா. குலுக்கல் வேணாம், சொம்மாவே பாப்போம்."

நல்ல வார்த்தைதான். காளியம்மாள் காதில் அது வேறு மாதிரி விழுந்தது. "பந்தியில எடம் இல்ல, பின்னால வா, மிச்சம் இருந்தா போடறேன்றா பாரு" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். தொண்டைக்குள் இருமல் முட்டிக்கொண்டு நின்றது. முந்தானையைக் கடித்து அடக்கிக்கொண்டாள். ஒரு பாட்டைப் பறித்த இருமல் அது, இவர்கள் முன்னால் வேறு இருமிக் காட்டுவாளா?

மறுநாள் காலை ஆண்டாளம்மாள் தன் டப்பாவைத் துவைக்கிற கல்லின் மேல் வைத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனாள். கோவிந்தம்மாள் வந்து எடுத்துக்கொள்ள வேண்டியது. காளியம்மாள் முகம் கழுவ வந்தவள் டப்பாவைப் பார்த்தாள். வெள்ளை வில்லையில் பெயர் எழுதியிருந்தது. யார் பெயர் என்று படிக்கத் தெரியாவிட்டாலும் தெரியும். மூடியைத் திறந்தாள். உள்ளே நாலு சொட்டு வெறும் எச்சில், தண்ணீர் மாதிரி.

காறித் துப்பக் கூடத் துப்பில்லாதவள் என்று நினைத்தாளாம். இதைப் போயா பெரிய படிப்பு படித்தவர்கள் கண்ணாடி வைத்துப் பார்க்கப் போகிறார்கள்? ஒரு தரமாவது நல்ல சரக்கைப் பார்க்கட்டுமே! நெஞ்சிலிருந்து இழுத்து, டப்பா பாதி நிறையத் துப்பினாள். மூடியை இறுக்கித் திருகி, இருந்த இடத்திலேயே வைத்தாள். தன்னுடையது ஏதோ ஒன்று பட்டணத்துக்குப் போகிறது, யாரோ ஒருவர் அதை உற்றுப் பார்க்கப் போகிறார். பெயர் வேறு யாருடையதாகவோ இருந்துவிட்டுப் போகட்டும். பேச்சை நிறுத்திய பிறகு அன்றைக்குத்தான் அவள் பழைய குரலில் பிள்ளைகளை அதட்டியதைக் கேட்டேன்.

சில வாரங்கள் கழித்து ஜீப் திரும்ப வந்தது. நேராக ஆண்டாளம்மாள் வீடு. டாக்டர் உள்ளே போய்த் தனியாகத்தான் சொன்னார். எங்கள் தெருவில் தனி என்று ஒரு இடம் கிடையாது. ஆண்டாளம்மாளுக்கு டிபி. பயப்பட வேண்டாம், ஆறு மாதம் மாத்திரை, எல்லாம் இலவசம், கட்டாயம் குணமாகும். இப்போதே போய் நெஞ்சுப் படம் எடுக்க வேண்டும், ஜீப்பிலேயே கூட்டிப் போகிறோம்.

தெரு கூடிவிட்டது. பாண்டியன் எல்லோர் முன்னாலும் பெண்டாட்டி கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். துரை ஒரு நாளும் காளியம்மாள் கையைப் பிடித்து அழுததில்லை. எதிர் வீட்டு முனியம்மாள் தன் கோழி இட்ட முட்டைகளைக் கொண்டுவந்து கொடுத்தாள். "எவ்ளோ ஒழைச்சா பாவம்" என்றாள் ஒருத்தி. "வாய் தொறந்து ஒரு நோவு சொன்னவளா?" என்றாள் இன்னொருத்தி. தினமும் பால் குடிக்க வேண்டும், வெயிலில் வேலைக்குப் போகக் கூடாது என்று டாக்டர் சொல்லச் சொல்ல, காளியம்மாள் தன் வாசலில் நின்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் கண்ணுக்கு அது நோயாகவே தெரியவில்லை. முட்டையும் பாலும் புருஷன் அழுகையும் ஊர் இரக்கமுமாகத் தெரிந்தது. எல்லாம் அவள் சளிக்கு வந்த சீர். போகிற இடம் மட்டும் வழக்கமான வீடு.

ஆண்டாளம்மாளைக் கைத்தாங்கலாக ஜீப்பின் முன் சீட்டில் ஏற்றினார்கள். அவ்வளவுதான் காளியம்மாள் தாங்கினாள்.

"எறங்குடி!" கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடினாள். "அது என்து! நீ துப்புனது வெறும் எச்சி. டப்பாவுல இருந்தது என் சளி. எறங்கு!"

ஊர் திகைத்தது. "சீ, இதுலயுமா போட்டி?" என்று பாண்டியன் கையை ஓங்கினான். டாக்டர் முகம் சிவந்துவிட்டது.

"ஏம்மா, இது விளையாட்டு விஷயம் இல்ல. முட்டைக்கும் பாலுக்கும் ஆசைப்பட்டு இப்படியெல்லாம் பேசக் கூடாது."

"நம்பலியா? துவைக்கிற கல்லு மேல வெச்சிட்டு மாட்டாண்ட போனா. நான்தான் மூடி தொறந்து துப்புனேன். அவ என்னிக்கு இருமுனா, கேளு! எங்க, இப்ப இரும சொல்லு!"

ஆண்டாளம்மாள் இருமவில்லை. காளியம்மாளுக்கு வந்தது. குனிந்து, ஜீப்பின் கதவைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க வாங்க இருமினாள். முந்தானையால் வாயைத் துடைத்தபோது அதில் சிவப்பாக ஒரு கீற்று இருந்தது. அதைக் கோவிந்தம்மாள் பார்த்துவிட்டாள். டாக்டரிடம் ஏதோ சொன்னாள். பையிலிருந்து ஒரு புது டப்பாவை எடுத்தாள்.

"பேரு சொல்லுங்கம்மா" என்று கேட்டார் டாக்டர். குரல் மாறியிருந்தது.

இத்தனை வருடத்தில் எந்த ஆராய்ச்சியும் அவளைக் கேட்காத கேள்வி அது. நிமிர்ந்தாள். "காளியம்மா. தொரை சம்சாரம். நல்லா எழுதிக்கோ" என்றாள். அவர் எழுதுகிற வரைக்கும் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, ஜெயித்துவிட்ட முகத்தோடு சீட்டைப் பார்த்தாள்.

ஆண்டாளம்மாள் கீழே இறங்கினாள். பிழைத்துவிட்டோம் என்று யாராயிருந்தாலும் சிரித்திருப்பார்கள். அவள் அழுகை நிற்கவில்லை.

"யக்கா," என்றாள். "அப்போ அந்த நோவு உனுக்கா கீது?"

ஏறுவதற்காகப் படியில் வைத்த காளியம்மாளின் கால் அப்படியே நின்றது. சளியை மீட்டாள், சீட்டை மீட்டாள், பெயரை எழுத வைத்தாள். அதோடு சேர்ந்து எது தன்னுடையதாகிறது என்பது அந்த நொடிவரை காளியம்மாளுக்கு உறைக்கவே இல்லை. எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். துரையைத் தேடினாள், அவன் வேலைக்குப் போயிருந்தான்.

"ஆமாண்டி. எனுக்குத்தான்" என்றாள். பிறகு யார் காதிலும் விழக் கூடாது என்பது போல மெல்ல, "நீயும் வாடி. எனுக்குப் பயமா கீது" என்றாள்.

ஆண்டாளம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஏறினாள். ஒருத்தர் உட்காருகிற முன் சீட்டில் இரண்டு பேரும் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஜன்னலோரத்தை மட்டும் காளியம்மாள் விட்டுக்கொடுக்கவில்லை.