பதினோரு அறை வீட்டுக்காரி

வண்டிப்பெரியாருக்கு மேலே ஒரு எஸ்டேட்டில் முப்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து பறித்தவள் சுருளியம்மாள். கணவன் சங்கையாவுக்கு அதே எஸ்டேட்டின் தொழிற்சாலையில் வேலை. இருவரும் பிறந்து வளர்ந்ததும், மகள் சித்ராவைப் பெற்று, நர்சுக்குப் படிக்கவைத்து, கோயம்புத்தூருக்குக் கட்டிக்கொடுத்ததும் எல்லாம் எஸ்டேட்டின் வரிசை வீடான லயத்தில்தான். ஓர் அறை, ஓர் அடுப்படி, பின்னால் ஒரு சாய்ப்பு. பக்கத்து வீட்டுக்காரர் தும்மினால் இந்த வீட்டிலிருந்து 'நூறாயுசு' சொல்லலாம். சுவர் அவ்வளவு மெல்லிசு.

ஓய்வு பெற்றால் லயத்தைக் காலி செய்ய வேண்டும். சங்கையா கம்பத்தில் இரண்டு அறை வீடு ஒன்றைப் பார்த்து, முன்பணம் கொடுக்கச் சுருளியம்மாளோடு கிளம்பியும்விட்டார். பஸ் வர நேரமானது. அந்தச் சமயம் பார்த்து ஒரு புரோக்கர், "சும்மா பாத்துட்டு வாங்களேன்" என்று இருவரையும் ஜீப்பில் ஏற்றி, சரிவில் இருந்த ஒரு பழைய வீட்டுக்குக் கூட்டிப்போனான்.

ஏலக்காய் வியாபாரி ஒருவர் அந்தக் காலத்தில் கட்டிய வீடு அது. பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில். ஓட்டுக் கூரை, பலா மரத்தில் மச்சு, வழுவழுவென்று சிவப்புத் தரை, பதினோரு அறை. ஜீப் மட்டுமே வரும் பாதை என்பதால் விலை படியாமல் கிடந்தது.

சுருளியம்மாள் உள்ளே போய், "யாரு வீட்ல?" என்று கூப்பிட்டாள். அவள் குரலே ஒவ்வோர் அறையாகப் போய்ப் பார்த்துவிட்டு, யாருமில்லை என்பது போலத் திரும்பி வந்தது. அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, நடு அறையில் இரண்டு கையையும் விரித்து ஒரு சுற்றுச் சுற்றினாள். கை எதிலும் இடிக்கவில்லை. இன்னொரு சுற்றுச் சுற்றினாள்.

"இத வாங்குறோம்" என்றாள்.

"ஏ சுருளி, நாம ரெண்டே பேரு. அந்த ரூமுக்குப் போயிட்டு இந்த ரூமுக்கு வர்றதுக்குள்ள பசிச்சிரும்."

"பசிச்சா நடுவுல ஒரு அடுப்ப வச்சுக்குவோம்."

சித்ரா போனிலேயே தலையில் அடித்துக்கொண்டாள். "எதுக்கும்மா அம்மாம் பெரிய வீடு?"

"கால நீட்டிப் படுக்கத்தான்."

"உன் காலு பதினோரு ரூமுக்கா நீளும்?"

ஓய்வில் கைக்கு வந்த சர்வீஸ் பணம் போயிற்று, கம்பத்தில் சங்கையாவின் பங்காக இருந்த நிலம் போயிற்று, வீடு வந்தது. முதல் மாதம் முழுக்கச் சுருளியம்மாள் தரையில் கால் பாவாமல் திரிந்தாள். வெங்காயத்துக்கு ஓர் அறை, சேலைக்கு ஓர் அறை, சங்கையா கோபித்துக்கொண்டால் போய் உட்கார ஓர் அறை என்று ஒதுக்கினாள். ஓர் அறையில் ஒன்றுமே வைக்கவில்லை. "அது சும்மா இருக்கட்டும். சும்மா இருக்க ஒரு ரூமு நம்மகிட்ட எப்ப இருந்துச்சு?"

ஆனால் வீடு சும்மா இருக்கவில்லை. காலையில் முன்வாசலில் கூட்ட ஆரம்பித்தால், கடைசி அறைக்குப் போகும்போது முன்னறையில் மறுபடி தூசி. ஜன்னல்களுக்குத் திரை வாங்கப் போன இடத்தில் கடைக்காரர், "ஹோட்டலுக்கா?" என்று கேட்டார். பஞ்சாயத்து வரி வீட்டின் அளவுக்கு வளர்ந்து வந்தது. ஓடையிலிருந்து தண்ணீர் ஏற்றும் மோட்டார் வாரம் ஒரு தரம் படுத்துக்கொண்டது.

எல்லாவற்றையும்விடப் பெரிய செலவு, ஊர் அவளைப் 'பங்களாக்காரம்மா' என்று கூப்பிட ஆரம்பித்ததுதான். கோயில் திருவிழாவுக்கு நன்கொடைப் பிரிவு, மாதாகோயில் பெருநாளுக்குப் பிரிவு, கட்சி மாநாட்டுக்குப் பிரிவு, வாலிபால் கிளப்புக்குப் பிரிவு என்று வசூலுக்கு வந்தவர்கள் எல்லாரும் முதலில் அந்தச் சரிவில்தான் இறங்கினார்கள். லயத்தில் இருந்தபோது போட்ட தொகையைச் சொன்னால், "பங்களாக்காரம்மா இப்படிச் சொல்லலாமா?" என்பார்கள். அந்தப் பெயரைக் கேட்டதும் அவள் கை தானாகவே சுருக்குப் பைக்குள் போய்விடும். மீன்காரன்கூடச் சின்ன மீனை அவளிடம் காட்டுவதில்லை. போடி, கம்பம், திருநெல்வேலி என்று இருந்த சொந்தங்களுக்கெல்லாம் திடீரென்று மலைக்காற்று தேவைப்பட்டது. வந்தவர்கள் அறை அறையாக நிறைந்து, "இன்னும் நாலு ரூமு மிச்சம் இருக்கே" என்று மேலும் நாலு பேருக்குப் போன் போட்டார்கள்.

பிறகு ஜூன் மாதத்து எடவப்பாதி மழை இறங்கியது. ஓடு ஒழுகாத அறை எது என்று கண்டுபிடிப்பதே ஒரு வேலையானது. குடம், குண்டா, இட்லிச் சட்டி எல்லாம் தரைக்கு வந்தன. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒவ்வொரு தாளம். வீட்டுக்குள் கத்திக் கூப்பிட்டால் மழையில் கேட்காது என்று இருவரும் போனில் பேசிக்கொண்டார்கள்.

"எங்கங்க இருக்கீக?"

"வெங்காய ரூமுல."

"வெங்காயம் எப்படி இருக்கு?"

"நீந்துது."

இந்தப் பக்கம் அவளும் அந்தப் பக்கம் அவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். சிரிப்பு ஓய்ந்தபின் சுருளியம்மாள் சுற்றிலும் பார்த்தாள். கட்டில் இங்கே வந்துவிட்டது. டிவி இங்கே வந்துவிட்டது. ஒழுகாத ஓரறை, அதை ஒட்டிய அடுப்படி, விறகு போட ஒரு சாய்ப்பு. இருந்த பணத்தையெல்லாம் கொட்டி, மறுபடி லயத்துக்கே குடிவந்திருக்கிறார்கள்!

சங்கையா தலையைத் துவட்டியபடி வந்தபோது அவள் கண் கலங்கியிருந்தது. "தப்புப் பண்ணிட்டேங்க. கம்பத்து வீட்டுக்கே போயிருக்கணும். உங்க நெலமும் போச்சு."

சங்கையா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "அன்னைக்கு நீ கைய விரிச்சுச் சுத்துனேல்ல," என்றார். "கல்யாணமாகி இத்தன வருஷத்துல ஒன்ன அப்படிப் பாத்ததே இல்ல. கம்பத்து வீட்டுல சுத்த முடியாது, செவுத்துல இடிச்சிருப்ப. விடு, ஏதாச்சும் வழி இருக்கும்."

விற்கப் பார்த்தார்கள். வந்தவர்கள் மச்சைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள், கூரையைப் பார்த்து மூடிக்கொண்டார்கள். கடைசியில் கூரையைச் சரிசெய்ய ஜிஜி என்ற காண்ட்ராக்டரை வரச்சொன்னார்கள். அவன் ஏணி வைத்து மேலே ஏறி நெடுநேரம் தட்டிப் பார்த்துவிட்டு இறங்கினான்.

"சேச்சி, முன்பக்கம் மரம் நல்லா உண்டு, ஓடு மட்டும் ஒடஞ்சிருக்கு. பின்பக்கம் ஓட்டுக்கு அடியில பட்டியல் சட்டம் எல்லாம் உளுத்துப் போச்சு. தூணும் மச்சும் மாத்திரம் நல்ல மரத்தடி. ஆனா இந்த மாதிரி ஓடு இப்ப எங்கேயும் கிட்டாது."

"பின்னாடி உள்ள ஓடு?"

"பாதி ஓடு நல்லதுதான்."

சுருளியம்மாள் வாசலில் இறங்கி நின்று வீட்டை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தாள். அவள் முகம் மெல்ல மலர்வதைக் கண்டு சங்கையாவுக்குப் பயமாகிவிட்டது. முன்பு இப்படி மலர்ந்தபோதுதான் பதினோரு அறை வந்தது.

"தேயில கைக்கு எட்டாம வளந்துட்டா என்ன செய்வோம்? கவாத்து வெட்டுவோம்ல. ஜிஜி, பின்னாடி ஏழு ரூமையும் வெட்டிரு."

"வீட்டையா சேச்சி?"

"வீட்டத்தான். அந்த ஓட்ட எடுத்து இந்தப் பக்கம் போடு. மரத்த வித்து உன் கூலிய எடுத்துக்க. மிச்சம் இருந்தா எனக்குக் குடு."

ஜிஜி சங்கையாவைப் பார்த்தான். சங்கையா வானத்தைப் பார்த்தார். பிறகு அவரும் சிரித்துவிட்டார்.

மழை விட்டதும் வேலை ஆரம்பித்தது. வீட்டை வெட்டுகிறார்கள் என்ற செய்தி லயம் முழுக்கப் பரவி, பழைய கொழுந்துக் கூட்டாளிகள் பாதிப் பேர் வந்துவிட்டார்கள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வரிசையாக நின்று, மேலிருந்து வந்த ஓட்டைக் கைமாற்றிக் கைமாற்றி முன்பக்கம் சேர்த்தார்கள். மச்சுக்குள் குடியிருந்த வௌவால்கள் பட்டப்பகலில் கிளம்பியபோது எழுந்த கூச்சல் ரோடுவரை கேட்டதாம். சுருளியம்மாள் பெரிய அண்டாவில் பாலில்லாத கட்டஞ்சாயா போட்டுப் போட்டு ஊற்றினாள். நல்ல மரத்தடிக்கு நல்ல விலை கிடைத்தது. ஜிஜியின் கூலி போக, மோட்டாரை மாற்றும் அளவுக்கு மிஞ்சியது.

தீபாவளிக்குச் சித்ரா வந்தாள். ஜீப்பை விட்டு இறங்கியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"அம்மா, மிச்ச வீடு எங்கம்மா?"

"அந்தா, கூரையில ஏறி உக்காந்திருக்கு."

இப்போது நாலு அறைதான். ஒன்றும் ஒழுகுவதில்லை. அறைகள் போன இடத்தில் சிவப்புத் தரை மட்டும் வெயிலில் பளபளவென்று கிடக்கிறது. குறுமிளகு பறிக்கும் காலத்தில் அக்கம்பக்கத்தார் சாக்கைத் தூக்கிக்கொண்டு அங்கே வந்துவிடுவார்கள். இந்தப் பக்கத்தில் இவ்வளவு நல்ல காயப்போடும் களம் வேறு யாரிடமும் கிடையாது. வெயில் நன்றாக விழும் மூலைக்குப் பக்கத்து வீட்டுச் செபமாலையம்மாளுக்கும் இன்னொருத்திக்கும் தினமும் சண்டை. நடுவில் குரங்கு வரும். சுருளியம்மாள் விளக்குமாறோடு ஓடி, மிளகில் வழுக்கிப் பொத்தென்று உட்கார்ந்துவிடுவாள். சண்டை போட்டவர்கள் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே வந்து அவளைத் தூக்கிவிடுவார்கள்.