மாதம்மாளின் வசவு

"டேய் சாமி, தொட்டிய எறக்கிப்போட்டு வண்டிய எடுடா! மேல கம்பி போவுது, உம்பட கண்ணு எங்கடா போவுது?"

மாதம்மாளின் காலை வணக்கம் இதுதான். கொல்லிமலையில் அரியூர் நாடு என்ற ஊருக்குப் போகும் சாலையை அகலப்படுத்துகிறார்கள். ஜல்லி கொண்டுவரும் டிப்பர் லாரிகள் கொண்டை ஊசி வளைவில் தொட்டியைத் தூக்கிக் கொட்டும்போது, அது மேலே போகும் மின்கம்பியில் பட்டுவிடாமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை. கையில் சிவப்புக் கொடி, கழுத்தில் விசில். இரண்டும் பெரும்பாலும் சும்மாதான் இருக்கும். அவருக்கு வாய் போதும்.

அவர் கீழே பார்த்து நடந்து நான் கண்டதில்லை. முகம் அண்ணாந்தே இருக்கும். கால் தானாக வழி கண்டுகொள்ளும். வெற்றிலை மடிப்பதுகூட மேலே பார்த்தபடிதான். சொந்தமாக மரவள்ளிக் காடு இருக்கிறது, பலாமரங்கள் இருக்கின்றன. பிறகு எதற்கு இந்தக் கூலி வேலை என்று கேட்டால், "காட்டுல யாரைத் திட்றதுங்க? கெழங்கையா?" என்கிறார்.

நானும் வாங்கியிருக்கிறேன். இந்த மலைக்கு வந்த புதிதில் ஜல்லிக் குவியலின் மேல் ஏறி, செல்ஃபி குச்சியை நீட்டிப் படமெடுக்கப் போனேன். "ஏனுங்க போட்டோக்காரரே, எறங்கறீங்களா, இல்ல கருகிப்போறீங்களா?" ஒரு மனிதனை 'ங்க' போட்டே இவ்வளவு கேவலப்படுத்த முடியும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

கம்பிக்கு இரண்டு பக்கமும் மூங்கில் நட்டு, கம்பியைவிடத் தாழ்வாகக் கயிறு கட்டி, பழைய சேலைக் கிழிசல்களைத் தொங்கவிட்டிருக்கிறார். தோரணம் என்பார். துணி தொட்டியில் உரசினால் கம்பி பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம். உரசிய டிரைவர் இறங்கிவந்து தன் கையாலேயே அதைச் சரிசெய்ய வேண்டும். கட்டி முடிக்கும்வரை பக்கத்தில் நின்று திட்டுவார். மேஸ்திரி முருகானந்தமும் ஒருமுறை கட்டியிருக்கிறார்.

போன ஐப்பசியில் ஒரு காலை, நல்ல மூடுபனி. சேந்தமங்கலத்து இலியாஸின் டிப்பரில் ஈர ஜல்லி ஒட்டிக்கொண்டது. கல்யாணம் நிச்சயமான பையன், அவசரக்காரன். தூக்கிய தொட்டியை இறக்காமலே வண்டியை முன்னால் எடுத்துக் குலுக்கினான். ஒட்டியதை உதிர்க்க டிரைவர்கள் எல்லோரும் செய்வதுதான். பனியில் தோரணம் தெரியவில்லை. இன்ஜின் சத்தத்தில் விசில் கேட்கவில்லை. கயிறு அறுந்தது. தொட்டியின் விளிம்பு கம்பியில் சிக்கி, படாரென்று தீப்பொறி பறந்தது. வண்டி அப்படியே நின்றது. டயரோரம் புல் புகைந்தது.

பயத்தில் இலியாஸ் கதவைத் திறந்து ஒரு காலை வெளியே நீட்டிவிட்டான். வண்டியிலிருந்து கை எடுக்காமல் தரையை மிதித்தால், மின்சாரம் அவன் வழியாகத்தான் இறங்கும்.

"காலை உள்ள இழுடா!"

இழுத்துக்கொண்டான். உதவிக்கு ஓடியவர்களைக் கொடிக் கம்பை நீட்டித் தடுத்துவிட்டு, மாதம்மாள் தூரத்தில் நின்றபடியே ஆரம்பித்தார். முருகானந்தம் மின்வாரியத்துக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார். மாதம்மாளோ, இலியாஸ் வண்டி ஓட்டும் லட்சணம், அவன் மீசை, அவனுக்கு லைசென்ஸ் கொடுத்தவர், பெண் கொடுக்க வந்தவர் என்று ஒருவரையும் விடவில்லை. "எறங்கித்தான் பாரேன், காலை முறிச்சு அடுப்புல வெச்சுப்போடுவேன்! உங்கம்மாவுக்கு நான் என்னடா பதில் சொல்லுவேன்?" இலியாஸ் ஸ்டியரிங்கைக் கட்டிக்கொண்டு குறுகி உட்கார்ந்திருந்தான். டீக்கடையோரம் நின்றிருந்த நான் இரண்டடி பின்வாங்கினேன். அந்தக் குரல் மட்டும் ஒரு இடத்திலும் தளரவில்லை.

"கரண்டு நெனப்பே வரலீங்க" என்று பின்னால் இலியாஸ் என்னிடம் சொன்னான். "எறங்குனா அக்கா அடிச்சே கொன்னுபோடும்னுதான் உக்காந்திருந்தேன்." மாதம்மாளை வாயாடி என்று யாராவது சொன்னால் எனக்கு இப்போதெல்லாம் கோபம் வருகிறது.

லைன்மேன் அர்த்தனாரி வந்து, மின்சாரத்தைத் துண்டித்து, சோதித்துப் பார்த்துவிட்டு, "இப்ப எறங்குங்க தம்பி" என்றார். இலியாஸ் இறங்கி நேராக மாதம்மாளின் எதிரே வந்து தலைகுனிந்து நின்றான், மிச்சத்தையும் வாங்கிக்கொள்ள.

மாதம்மாள் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. அவன் சட்டையை ஒரு கையால் கொத்தாகப் பிடித்தார். டீ வந்து, ஆடை படிந்து, ஆறிப்போன பிறகும் அந்தப் பிடியை அவர் விடவில்லை.