மகளின் ரெஸ்யூமேயில் ஒரு சீட்டுக் கணக்கு

அன்று எங்கள் கட்கி குவார்ட்டர்ஸில் இருந்தது நான்கு பேர்: நான், என் மனைவி, பி.காம். படிக்கும் மகள், வானவடியிலிருந்து வந்த ஒரு வங்கி அதிகாரி. ஃபைனான்ஸ் கம்பெனி ஒன்றில் இரண்டு மாதப் பயிற்சிக்கு மகள் விண்ணப்பிக்க வேண்டும். அவளுடைய ரெஸ்யூமேயைத் திருத்தத்தான் அவரைக் கெஞ்சிக் கூப்பிட்டிருந்தேன். நான் எட்டாவதோடு நின்றவன். அதில் அப்பனின் படிப்பையும் கேட்பார்களோ என்று பயம்.

அவர் தாளைப் புரட்டினார். "மார்க்கைத் தவிர ஒண்ணுமே இல்லையேம்மா. எங்கயாவது கணக்கு எழுதிருக்கியா?"

"மம்மி பிடிக்கிற மாசச் சீட்டுக்கு நான்தான் எழுதறேன், அங்கிள். இருபது பேர்."

"அரே, அதைத்தானே முதல்ல போடணும்! வசூல் முழுக்க வந்துடுச்சுன்னு எழுதிடவா?"

"வரலைங்க," என்றாள் மனைவி. "சீட்டை எடுத்துட்டு ஒரு ஆளு கட்டாம நிக்குது. யாருன்னு இவரையே கேளுங்க."

என் தம்பிதான். சாகண் தொழிற்சாலையில் வேலை போன பிறகு அவன் எங்கள் வீட்டுப் பக்கம் வருவதில்லை.

"பாக்கின்னா இன்டர்வியூல நோண்டுவாங்க. அந்த வரியே வேணாம்," என்றார் அவர்.

"வேற என்ன இருக்கு, அங்கிள்? இருக்கட்டும். கேட்டா உள்ளதைச் சொல்றேன்," என்றாள் மகள்.

இன்டர்வியூவில் பாக்கி யாருடையது என்று கேட்டார்களாம். கட்டாதவர் தன் சித்தப்பா, அதனால் நெருக்கிக் கேட்க முடியவில்லை என்று சொல்லியிருக்கிறாள். வீட்டு ஆளிடமே வசூலிக்கத் தெரியாதவள் இங்கே வந்து என்ன செய்வாய் என்று சிரித்து அனுப்பிவிட்டார்கள். வேறு எங்கிருந்தும் அழைப்பு வரவில்லை. தம்பி தர வேண்டியது இன்னும் பதினோராயிரத்து நானூறு ரூபாய்.