சனிக்கிழமை வந்த பிஸ்டன்

தோழிகளே, இந்தச் சுற்றுக் கடிதத்தைப் படித்துவிட்டு வழக்கம்போல் அடுத்தவளுக்கு அனுப்புங்கள்.

எங்கள் பழைய மோட்டார் சைக்கிளின் பிஸ்டன் போய்விட்டது. யுத்தத்தால் சீமைச் சாமான் வருவதில்லை. குழந்தைக்கு மூச்சு இழுப்பு வந்தால் நாமக்கல் ஆஸ்பத்திரிக்குப் போக அந்த வண்டியை விட்டால் கதியில்லை.

இன்று மெக்கானிக் இரண்டு பிஸ்டன்களோடு வந்தார்.

"இரும்பு பழசுங்க, ஆனா அளவாப் பொருந்தும். அலுமினியம் புதுசுங்க. சூட்டுல ரொம்ப விரியும். உங்க சிலிண்டர்ல இறுகிப் புடிச்சுக்கிட்டு, வண்டி நடுவழியில நின்னுருமுங்க."

"அப்ப இரும்பே போடுங்க" என்றேன்.

அத்தை உள்ளிருந்து வந்தார். "ஏனம்மிணி, சனிக்கெழம இரும்பு வாங்குவாங்களா? அதுவும் கொழந்த ஏறற வண்டிக்கு! அலுமினியத்தையே வாங்கு."

உஷ்ணத்தில் உலோகம் விரிவதைப் பற்றிக் கல்லூரியில் படித்ததையெல்லாம் சொன்னேன். அத்தை அசையவில்லை.

மெக்கானிக் சிரித்தார். "விடுங்க ஆத்தா. இரும்பை வாசலுக்கு வெளியவே வெச்சுட்டுப் போறேன். ஞாயித்துக்கெழம வாங்குனதா வெச்சுக்குங்க."

அத்தைக்குப் பூரண சம்மதம்.

பிஸ்டன் இப்போது திருடு போகாதிருக்க வெளியே கோழிக்கூடைக்குள் இருக்கிறது. வண்டி பிரித்தபடி கிடக்கிறது. பௌதிகம் படித்த நான், ஒரு காதைக் குழந்தையின் மூச்சிலும் இன்னொன்றைக் கூடையிலும் வைத்து, ஞாயிறு விடியக் காத்திருக்கிறேன்.

உங்கள் வீட்டு வாசலில் சனிக்கிழமை எதெல்லாம் காத்திருக்கிறது? எழுதுங்கள்.